குறமகளின் உலை

கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிற பேருந்துகளில் அந்த நாட்களில் நிற்க இடமிருக்காது. ஓரியை நாம் அறிவது பெரும்பாலும் புறநானூற்றின் 152ஆம் பாட்டால். வன்பரணர் பாடியது. யானையைச் சாய்த்து, புலியைக் கொன்று, புள்ளிக் கலைமானை உருட்டி, காட்டுப்பன்றியைத் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்து நின்ற ஒரே அம்பு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அம்போடு பாடம் முடிந்துவிடும். பாட்டு அங்கே முடியவில்லை. அதன் முடிவில் ஒரு சாப்பாடு இருக்கிறது.

எய்தவன் யாரென்று தெரியாமலே பாணர் கூட்டம் அவனைப் பார்க்கிறது. கறியை விற்கிற ஆள் மாதிரி இவன் தெரியவில்லையே, ஓரியாக இருப்பானோ என்று புலவர் யோசிக்கிறார். விறலியரை அழைத்து, முழவையும் யாழையும் ஆயத்தப்படுத்தச் சொல்லிப் பாடுகிறார்கள். தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணிப் போகிறான். பிறகு, தான் வேட்டையாடிய மானின் கொழுத்த கறியை வேகவைத்ததும், உருக்கிய நெய் போன்ற கள்ளும் கொடுக்கிறான். கூடவே அவன் மலையில் கிடைத்த பொன்னும் மணியும். எல்லாம் நடுக்காட்டில்.

தேவனூர் நாட்டுப் பக்கம் பெண்களிடம் சாமையும் தினையும் பற்றிக் கேட்டு எழுத மாணவிகளோடு போய்வந்த இரண்டு ஆண்டுகளில்தான் இந்தக் கடைசிப் பகுதி என்னைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. கறி வெந்திருக்கிறது. வேகவைத்தது யார்?

இதே வன்பரணர் கண்டீரக்கோப் பெருநள்ளியைப் பாடிய 150ஆம் பாட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பலாமரத்தடியில் களைத்துக் கிடக்கிற புலவரை, மான் கூட்டத்தைக் கொன்ற இரத்தம் காலில் காயாத ஒருவன் பார்க்கிறான். தன் கூட்டத்தார் வந்து சேர்வதற்கு முன்பே, தானே தீக்கடைந்து, தானே சுட்டு, உங்கள் சுற்றத்தோடு தின்னுங்கள் என்று கொடுக்கிறான். பேரைக் கேட்டால் சொல்லவும் மறுக்கிறான். மன்னன் சமைக்கிறான். அது வள்ளன்மை ஆகிறது. பாட்டு ஆகிறது.

சுடுவதற்கு நெருப்பு மட்டும் போதும். வேகவைப்பதற்குப் பானை வேண்டும், தண்ணீர் வேண்டும், எரிய எரிய விறகு தள்ளிக்கொண்டு பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். நள்ளி சுட்டதை வன்பரணர் சொன்னார். ஓரியின் கறியை வேகவைத்த கையை அவர் சொல்லவில்லை. பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் 1960களில், சுட்ட உணவு வெளியாருக்கும் விருந்துக்கும் உரியது, வேகவைத்தது வீட்டுக்குள் உரியது, முதலாவது ஆண் பக்கம், இரண்டாவது பெண் பக்கம் சாயும் என்று ஒரு கணக்குப் போட்டார். உலகத்துச் சமையலையெல்லாம் இப்படி ஒரு வாய்ப்பாட்டில் அடைக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் சங்கப் பாட்டில் மான் கறி போகிற வழியைப் பார்க்கும்போது அவர் முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியவில்லை.

அந்த வழி காட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு வருகிறது. கோவூர்கிழார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய 33ஆம் புறப்பாட்டில், சினமுள்ள நாயோடு வேட்டுவன் மான் தசையை வட்டியில் கொண்டுவருகிறான். இடைப்பெண் தயிர்ப்பானை கொண்டுவருகிறாள். இரண்டையும் வாங்கிக்கொண்டு, அந்த வட்டியும் பானையும் நிறைய வெண்ணெல்லை முகந்து கொடுப்பவர்கள் உழவர் வீட்டுப் பெண்கள். இந்த வரிகளை நான் வகுப்பில் பொருளாதார வரலாறாகத்தான் நடத்துவது. களத்து நெல்லில் எவ்வளவு எந்தக் கறிக்கு என்று முடிவுசெய்கிற கை பெண்ணுடையது. ஓரி விலைக்கு விற்காதவன் என்று பெருமைப்படுத்தப்பட்ட அதே உலகத்தில், விலைக்கு வந்த மான் கறியை அளந்து வாங்கியவள் ஒருத்தி இருந்தாள்.

இன்னொரு பாட்டு, வீரை வெளியனாருடைய 320ஆம் புறப்பாட்டு, வேட்டுவன் வீட்டு முற்றத்துக்கே நம்மைக் கூட்டிப்போகிறது. வேட்டுவன் அசந்து தூங்குகிறான். முற்றத்தில் மானைப் பிடிப்பதற்காகப் பழக்கிக் கட்டிவைத்த பெண்மான் நிற்கிறது. காட்டிலிருந்து வந்த ஒரு கலைமான் அதோடு கூடிக் களிக்கிறது. வீட்டுக்காரி பார்க்கிறாள். கணவன் எழுந்துவிடுவானோ என்று ஒரு பயம், கலைமான் பிணையை விட்டு ஓடிவிடுமோ என்று ஒரு பயம். வீட்டுக்குள் அசையாமல் நிற்கிறாள். மான் தோலில் காயப்போட்டிருந்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து தின்கின்றன. அதையும் விரட்டவில்லை. வேட்டைக் குடும்பத்தில் அன்றைய கறி வாசலுக்கே வந்து நிற்கிறது. கணவனை எழுப்பாமல் இருக்கிறாள் ஒரு பெண். அவளுடைய முடிவால் அன்று கறியும் போயிற்று, தினையும் போயிற்று. இதைக் காதலின் மென்மை என்று மட்டும் உரை சொல்லிக் கடப்பது எனக்குப் போதவில்லை. எதைக் கொல்லலாம், எப்போது கொல்லக்கூடாது என்பதில் அவளுக்கும் ஒரு சொல் இருந்தது என்று இதைப் படிக்கலாம்.

சரி, சமையலுக்கு வருகிறேன். தமிழில் மான் கறியை வீட்டில் சமைத்ததன் ஆகப் பழைய விவரமான குறிப்புகளில் ஒன்று மலைபடுகடாத்தில் இருக்கிறது. 583 அடி நீளமுள்ள கூத்தராற்றுப்படை. பெருங்கௌசிகனார், செங்கண்மாத்து நன்னனைப் பாடியது. செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். கொல்லிமலை அல்ல. ஆனால் அதே கிழக்குத் தொடர்ச்சி மலை வரிசை. இன்று ஜவ்வாது மலையிலும் சித்தேரியிலும் கல்வராயனிலும் சேர்வராயனிலும் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினரே. கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்.

நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர்களுக்கு வழியில் குறவர் குடியிருப்பில் என்ன கிடைக்கும் என்று பாட்டு சொல்கிறது. முந்தைய நாள் குடித்த கள்ளின் மயக்கம் தெளியாமல் எழுந்திருப்பீர்கள். அருவி அடித்துக்கொண்டு வந்த பலாப்பழம் சிதைந்து உதிர்ந்த வெள்ளைக் கொட்டை. ஓடும் வேகத்தைத் தடுத்து வீழ்த்திய கடமானின் கொழுத்த துண்டு. முள்ளம்பன்றியின் நிணமுள்ள பிளவு. நாய் துரத்திப் பிடித்த இறைச்சி. உரைகாரர்கள் இதை உடும்பு என்கிறார்கள். இவற்றோடு புளியம்பழத்தின் இனிய புளி, மோர். மூங்கிலில் விளைந்த நெல்லின் அரிசி. மலைச்சாரலெல்லாம் மணக்க, கூந்தலில் பூவைத்த குறமகள் துழாவி ஆக்குகிறாள். அவள் ஆக்கிய வெண்சோற்றை, வீட்டுக்கு வீடு பிள்ளைகள் முறைசொல்லி வழிமறித்துக் கொடுக்கப் பெறுவீர்கள்.

நல்ல வரிகள் என்று சொல்லிப் போய்விடலாம். சமைக்கிறவள் கண்ணால் படித்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. கடமான் பெரிய விலங்கு. முதிர்ந்த ஆண் 200 கிலோவையும் தாண்டும். ஆனால் ஆட்டுக்கறி மாதிரி அதில் கொழுப்பு ஊடாடி இருக்காது. ஓடுகிற விலங்கின் தசை. நார் முறுக்கேறியது. வெறும் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் வறண்டு சக்கையாகிவிடும். இதற்கு இரண்டு பரிகாரம் உண்டு. ஒன்று புளிப்பு, மற்றொன்று வேறிடத்துக் கொழுப்பு. குறமகள் இரண்டையும் செய்கிறாள். புளியும் மோரும் நாரை இளக்கும். முள்ளம்பன்றியின் நிணம் மானுக்கு இல்லாத கொழுப்பைத் தரும். பலாக்கொட்டையின் மாவு சாற்றைக் கெட்டியாக்கும். புளிப்பின் கூர்மையை மழுக்கும். இது கிடைத்ததையெல்லாம் பானையில் போட்ட காட்டுச் சமையல் இல்லை. தசையின் குணம் அறிந்தவள் செய்த கணக்கு. ஓரியின் அம்பு ஐந்து விலங்கைத் துளைத்ததை வீரம் என்று கொண்டாடுகிறோம். ஒரே உலையில் மூன்று விலங்கின் கறியை, ஒவ்வொன்றுக்கும் தேவையான பதத்தில் சேர்த்து வேகவைத்தவளுக்கு என்ன பெயர் வைத்தோம்? குறமகள். அவ்வளவுதான். அது ஒரு குலப் பெயர்.

சங்கப் பாட்டில் பெயரோடு நிற்கிற குறமகள்கள் இல்லாமல் இல்லை. குறமகள் இளவெயினி, குறமகள் குறியெயினி என்று இரண்டு புலவர்கள் இருக்கிறார்கள். இளவெயினியின் 157ஆம் புறப்பாட்டு ஏறைக்கோன் என்ற தலைவனின் குணத்தைப் போற்றுகிறது. அங்கும் பெண் ஒருத்தி பெயர் பெற வேண்டுமென்றால் ஆணைப் பாட வேண்டியிருந்தது. பெரியபுராணத்தில் கண்ணப்பர் பன்றிக் கறியைக் காய்ச்சி, வாயில் போட்டுப் பதம் பார்த்து, காளத்தி நாதருக்குப் படைக்கிறார். ருசி பார்த்துப் பரிமாறுவதை ஒவ்வொரு வீட்டிலும் பெண் தினமும் செய்கிறாள். ஆண் ஒருமுறை செய்தால் நாயனார் ஆகிவிடுகிறார். (இதைச் சொன்னதற்காக என் வகுப்பில் ஒரு மாணவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சேக்கிழார் மேல் எனக்கும் மதிப்பு உண்டு.)

வேட்டை ஆணுடையது, அடுப்பு பெண்ணுடையது என்ற பிரிவினையே இயற்கை என்று ஒருகாலத்தில் அறிவியலும் சொன்னது. 1966இல் சிகாகோவில் நடந்த ஒரு மாநாடு, ‘வேட்டைக்காரனான மனிதன்’ என்ற தலைப்பில், மனிதப் பரிணாமத்தையே ஆணின் வேட்டையில் கட்டியது. 1970களில் சாலி ஸ்லோகம் போன்ற பெண் மானிடவியலாளர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். பெண்கள் சேகரித்த கிழங்கும் தானியமும் இல்லாமல் எந்தக் கூட்டம் உயிர்வாழ்ந்திருக்கும் என்று கேட்டார்கள். பிறகு பிலிப்பைன்ஸில் அக்தா பழங்குடிப் பெண்கள் நாய்களோடு போய் மானையும் காட்டுப்பன்றியையும் தாங்களே வேட்டையாடுவது பதிவாயிற்று. கொல்லிமலையில் பெண்கள் வில்லெடுத்தார்களா என்பது என் கேள்வி இல்லை. அம்பு எய்தவனை வரலாறு என்றும், உலை வைத்தவளை வழக்கம் என்றும் பிரித்தது யார் என்பதே கேள்வி.

1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுதிகளில் மலையாளிகளின் பூர்வகதை வருகிறது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறி வந்தார்கள், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். அவர்கள் மணந்த பெண்களுக்கு அந்தக் கதையில் சாதிதான் உண்டு, பெயர் கிடையாது. காலனிய ஆவணத்தின் கண் முழுக்க ஆண் மேலேயே இருந்தது. அதே ஆவணங்களை எழுதிய அரசு 1879இல் நீலகிரிக்கு என்று ஒரு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டது. துரைமார்களின் விளையாட்டுக்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கவலை. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு ஒதுக்குக்காடு ஆனது. துப்பாக்கியோடு உரிமம் வாங்கி வந்தவன் சிகாரி. வலையோடு போனவன் திருடன். சிகாரி மானின் கொம்பைச் சுவரில் மாட்டினான். கறி பற்றி அவனுக்குப் பெரிய அக்கறை இல்லை.

தேவனூர் நாட்டில் எங்களிடம் பெண்கள் சாமை பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். எப்போது அறுப்பது, எத்தனை முறை குத்தினால் உமி போகும், உரலில் குத்திக் குத்தித் தோள் எப்படிப் போயிற்று, மரவள்ளி வந்த பிறகு தானியம் விதைக்கிற நிலம் எப்படிச் சுருங்கிற்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியத்துக்காக வேலை செய்திருக்கிறது. அரவை எந்திரம் வந்ததும் பெண்களின் தோள் வலி குறைந்ததை எல்லோரும் சொன்னார்கள். அப்போது என் மாணவி ஒருத்தி, மலைபடுகடாத்தை மனதில் வைத்துக்கொண்டு, ரொம்ப இயல்பாகக் கேட்டாள்: “பாட்டி, அந்தக் காலத்துல மான் கறி எப்படிச் செய்வீங்க?”

பேச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க டீச்சரம்மா. நாங்க கோழிதான்.” பக்கத்திலிருந்த இளம்பெண் எழுந்து உள்ளே போனாள். என் மாணவியின் கையிலிருந்த அலைபேசியின் பதிவுப் பொத்தானைத்தான் அவர்கள் பார்த்தார்கள் என்று எனக்கு அப்போதே புரிந்தது. அணைக்கச் சொன்னேன். வேறு பேச்சுக்குப் போனோம். அவர்களுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா என்று துருவுவது வரலாற்று ஆய்வு அல்ல, விசாரணை. அதை மலையில் செய்ய ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த மௌனத்துக்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மானை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. 1991இல் வந்த திருத்தம் உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியையும் மூடியது. இதை நான் எதிர்க்கவில்லை. மலைக்காடுகள் குறைந்துவிட்ட காலத்தில் கடமானுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும். குறமகளின் செய்முறையை இன்று யாரும் செய்து பார்க்கக் கூடாது, செய்யவும் முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தை அடுப்படியிலிருந்து படித்துப் பாருங்கள். 39ஆம் பிரிவின்படி, வேட்டையாடப்பட்ட விலங்கின் இறைச்சி அரசின் சொத்து. 50ஆம் பிரிவு சோதனை போட அதிகாரம் தருகிறது. 57ஆம் பிரிவின்படி, இறைச்சி ஒருவர் வசம் இருப்பது நிரூபணமானால், அது சட்டவிரோதமாக வைத்திருந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. காட்டில் ஓடிய காலை யாரும் பிடிப்பதில்லை. பிடிபடுவது பானை. பானை இருப்பது யார் வசம்? நூற்றாண்டுகளாகச் சமையலறை பெண்ணுடையது என்று சொல்லிவந்த சமூகத்தில் ‘வசம்’ என்ற அந்தச் சொல் யார் தலையில் விழும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

மலையில் சோதனை என்றால் என்ன என்பதற்கு மலையாளிப் பெண்களுக்கு ஒரு பெயர் போதும், வாச்சாத்தி. தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஊரே அடித்து நொறுக்கப்பட்டது. வீட்டுப் பாத்திரமும் தானியமும் மிஞ்சவில்லை. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்பு வர 19 ஆண்டு, உறுதியாக 31 ஆண்டு. அந்தப் பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறித் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் வழக்கை நிறுத்தியது. தேடப்பட்டது சந்தனம், மான் அல்ல. ஆனால் அதிகாரி வாசலில் நிற்கும்போது எந்தப் பெயரில் வந்திருக்கிறார் என்பது உள்ளே இருப்பவளுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

2006இல் வந்த வன உரிமைச் சட்டம் இந்தக் கதையில் ஒரு திருப்பம்தான். அதில் நிலப் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துத் தரப்பட வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். தேனும் புளியும் கிழங்கும் எடுக்கிற உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. மரபாக அனுபவித்துவந்த வேறு உரிமைகளும் உண்டு, வேட்டை நீங்கலாக. ஆக, குறமகளின் உலையில் புளிக்கும் பலாக்கொட்டைக்கும் மூங்கில் அரிசிக்கும் இன்று அவள் பெயரில் உரிமை இருக்கிறது. கறிக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால், அந்த உலையில் அவள் கையால் சேகரித்து வந்தவை எல்லாம் உரிமைப் பட்டியலில் இருக்கின்றன. அவன் கையால் வந்தது மட்டுமே வெளியே நிற்கிறது. வேட்டையையே மலையின் முழுப் பண்பாடு என்று பேசுகிற நம் கட்டுரைகளுக்கும் விழா மேடைகளுக்கும் இந்தச் சட்டப் பிரிவு தெரியாமலே ஒரு திருத்தம் சொல்கிறது.

இந்த ஆண்டு முதல் 152ஆம் புறப்பாட்டை மலைபடுகடாத்தின் அந்தப் பகுதியோடு சேர்த்தே நடத்துகிறேன். மாணவிகளுக்கு ஒரே ஒரு வேலை. இரண்டிலும் வருகிற வினைச்சொற்களை எடுத்து, யார் செய்தது என்று எதிரே எழுத வேண்டும். ஓரியின் பக்கத்தில் வீழ்த்துவது, உருட்டுவது, கொடுப்பது எல்லாம் வரிசையாக நிற்கின்றன. வேகவைத்தற்கு எதிரே பெரும்பாலும் ஒரு கேள்விக்குறி போடுகிறார்கள். சிலர் ஓரி என்று எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்கள். மலைபடுகடாத்தின் பக்கத்தில் துழாவியதும் ஆக்கியதும் குறமகள். ‘ஆக்குவது’ என்ற சொல்லைப் பார்த்ததும் ராசிபுரத்திலிருந்து வருகிற பெண் ஒருத்தி சிரித்தாள். அவள் அம்மா தினமும் காலையில் கேட்கிற கேள்வி அதுதானாம், சோறு ஆக்கியாச்சா என்று.